பேட்டரி கேட்காத கணிப்பான்: ஈ6பி, சிஆர் வட்டு, மின்னணுக் கருவி, இவற்றில் எதை வாங்குவது?

ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து விமானம் ஓட்ட வேண்டும் என்று தயாராகிறவர்கள் ஓட்டம், நீச்சல், குழுத் தேர்வு, நேர்காணல் என எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். பயிற்சிக்குள் போனதும் வகுப்பறையில் திணறடிப்பது வேறொன்று. வேகம், தூரம், நேரம், எரிபொருள், காற்று ஆகிய ஐந்தையும் வைத்து, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்சிலால் போட வேண்டிய கணக்கு அது. பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான். ஆனால் இங்கே ஒரு கணக்கின் விடைதான் அடுத்த கணக்கின் கேள்வி. காற்றில் பிசகினால் தரைவேகம் பிசகும், தரைவேகம் பிசகினால் நேரம் பிசகும், நேரம் பிசகினால் எரிபொருள் பிசகும்.

அந்தக் கணக்கைப் போடும் கைக்கருவியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பொதுவாக ஈ6பி என்று சொல்லப்படும் ஃப்ளைட் கம்ப்யூட்டர். பேட்டரி இல்லை, திரை இல்லை. ஒரு பக்கம் சுழலும் வட்டு, மறுபக்கம் உள்ளே நழுவும் ஓர் அட்டை. ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், வழி கண்டுபிடிக்க இது தேவையில்லைதான். தேர்வாகிவிட்டு, சேரும் தேதிக்காகக் காத்திருக்கிற மாதங்களில் மேசை மேல் இருக்க வேண்டிய பொருள் இது. அந்தக் கட்டத்துக்கு மின்னணுக் கருவியை விடவும் மொபைல் ஆப்பை விடவும் இதுவே சரி என்பது எங்கள் முடிவு. ஆனால் ஈ6பி என்று அச்சிட்ட எல்லாமே ஒன்றல்ல.

காரணம் பெயரிலேயே இருக்கிறது. ஈ6பி என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல, அமெரிக்க ராணுவம் இந்தக் கருவிக்குக் கொடுத்த மாதிரி எண். இதை வடிவமைத்தவர் அமெரிக்கக் கடற்படை ரிசர்வ் விமானியான பிலிப் டால்டன். 1930-களில் வரிசையாகப் பல மாதிரிகளைச் செய்து பார்த்து இதற்கு வந்து சேர்ந்தார், 1941-ல் விமான விபத்தில் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்கும் நாவிகேட்டர்களுக்கும் இது லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம், விற்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எடுத்துச் சோதித்து வாங்குங்கள். சோதிக்கும் விதத்தைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன் கருவி என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

கணக்குப் பக்கம்

வட்டுப் பக்கம் என்பது வளைத்து வைத்த ஸ்லைட் ரூல்தான், அதாவது அளவுகோல்களை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் பழைய கருவி. வெளியே நகராத அளவுகோல், உள்ளே சுழலும் அளவுகோல், இரண்டும் மடக்கை அளவில். வெளியே தூரம், எரிபொருள், வேகம். உள்ளே நிமிடம். உள்வட்டில் 60 இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு முக்கோணம் இருக்கும். அதுதான் ‘ஒரு மணி நேரம்’. பாதி வேலையை அந்த முக்கோணமே செய்துவிடும்.

தரைவேகம் 90 நாட், போக வேண்டிய தூரம் 66 நாட்டிகல் மைல். நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் வேகம், கணக்குகளில் வெறும் மைல் என்று வந்தாலும் நாட்டிகல் மைல்தான். முக்கோணத்தை வெளிவட்டின் 90-க்கு நேராக வையுங்கள். வட்டைத் தொடாமல் வெளிவட்டில் 66-ஐத் தேடுங்கள். அதற்கு நேர் கீழே 44 இருக்கும். 44 நிமிடம். எஞ்சின் மணிக்கு 30 லிட்டர் குடிக்கிறது என்றால் முக்கோணத்தை 30-க்கு நகர்த்தி, உள்ளே 44-க்கு நேர் மேலே பாருங்கள். 22 லிட்டர். பழகிய கைக்கு இரண்டும் சேர்ந்து பத்து நொடி வேலை.

முதலில் எல்லோரும் தடுக்குவது தசமப் புள்ளியில். வட்டில் 44 என்றால் 4.4, 44, 440 எல்லாமே அதுதான். எது என்று கருவி சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். 90 நாட் வேகத்தில் ஒரு மணிக்கு 90 மைல், 66 மைலுக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 44 நிமிடம் என்று மனம் முன்கூட்டியே ஓட வேண்டும். பலர் இதைக் கருவியின் குறை என்பார்கள். எங்களைக் கேட்டால் இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான். மின்னணுக் கருவி 440 என்று காட்டினால் கை அதை அப்படியே எழுதிவிடும். வட்டு உங்களைத் தோராயமாக யோசிக்க வைக்காமல் விடாது. விமானப் பிரிவுக்கான திறனறித் தேர்வுகளில் பெரும்பாலும் கால்குலேட்டருக்கு இடமில்லை என்பதால், இந்தத் தோராயப் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை மைல், 120 என்றால் இரண்டு, 180 என்றால் மூன்று, 420 என்றால் ஏழு. இரண்டு வாரம் வட்டைச் சுழற்றினாலே இவை தானாக மனதில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த தடுமாற்றம் கோடுகள். 10-க்கு அருகே ஒரு சின்னக் கோடு 0.1. மேலே போகப்போக அதே மாதிரிக் கோடு 0.2 ஆகும், 0.5 ஆகும், கடைசியில் 1 ஆகும். எந்த எண்ணுக்குப் பிறகு மதிப்பு மாறுகிறது என்பதை உங்கள் கருவியில் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். எண்ணாமல் விட்டவர்கள் 126 என்று வாசித்துக்கொண்டே இருப்பார்கள், அது 123 ஆக இருக்கும்.

உள்வட்டில் 36-க்கு அருகே இன்னொரு குறி இருக்கும். சில கருவிகளில் அம்பு, சிலவற்றில் ‘செகண்ட்’ என்ற எழுத்து. ஒரு மணிக்கு 3,600 நொடி என்பதற்கான குறி அது. 90 நாட் வேகத்தில் 1.5 மைல் போக எவ்வளவு நொடி என்றால், 36-ஐ 90-க்கு நேராக வைத்து 15-க்குக் கீழே பார்த்தால் 60 நொடி. இந்தக் குறியையும் 60 முக்கோணத்தையும் குழப்பிக்கொள்வது வழக்கமான தவறு. வாங்கும்போது இரண்டும் பளிச்சென்று வெவ்வேறாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சிலவற்றில் இரண்டுமே ஒரே கறுப்புப் புள்ளியாகக் கிடக்கும்.

பாதை விலகலுக்கும் இதே பக்கம் போதும். 40 மைல் பறந்து வந்தபோது 4 மைல் விலகியிருக்கிறீர்கள் என்றால், வெளியே 4, உள்ளே 40, முக்கோணத்துக்கு மேலே 6. விலகிய கோணம் 6 டிகிரி. இன்னும் 60 மைல் இருக்கிறதென்றால் அதே முறையில் 4 டிகிரி. இரண்டையும் கூட்டி 10 டிகிரி திருப்பினால் நேராகச் சேர வேண்டிய இடத்துக்கே போகும். ஒன்றுக்கு அறுபது என்று விமானிகள் சொல்லும் விதி இதுதான். மனக்கணக்காகவே செய்யலாம், ஆனால் வட்டில் பத்து முறை செய்து பார்த்தவருக்குத்தான் அது மனக்கணக்காக மாறும்.

வேக ஜன்னல்

வட்டின் நடுவே சின்ன ஜன்னல்கள் இருக்கும். அழுத்த உயரத்தையும் வெளிவெப்பநிலையையும் நேர் வைத்தால், விமானத்தின் வேகமானி காட்டும் வேகத்திலிருந்து ட்ரூ ஏர்ஸ்பீடு, அதாவது காற்றினூடே விமானம் போகும் உண்மையான வேகம், கிடைக்கும். 8,000 அடி, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ், வேகமானியின் பிழை நீக்கித் திருத்தப்பட்ட வேகம் 120 நாட் என்றால் விடை 138. ஆயிரம் அடிக்கு இரண்டு சதவீதம் என்ற தோராய விதிப்படி 139 வரும், ஆக விடை சரிதான் என்று உடனே தெரியும்.

இங்கே நடக்கும் பிழை கழித்தல் குறி. ஜன்னல் மிகச் சிறியது, பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் கழித்தல். 10 டிகிரியை மைனஸ் 10 என்று வைத்துவிட்டால் 133 வரும். ஐந்து நாட் வித்தியாசம் என்பதால் பார்த்தவுடன் சந்தேகம் வராது, அதுதான் ஆபத்து. கூட்டல், கழித்தல் குறிகள் ஜன்னலிலேயே அச்சான கருவியாகப் பார்த்து எடுங்கள். எண்ணை மட்டும் போட்டுவிட்டுக் குறியைப் படிப்பவரின் ஊகத்துக்கு விடும் அச்சுகளும் இருக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று: ஜன்னலில் வைக்க வேண்டியது அழுத்த உயரம், அதாவது ஆல்டிமீட்டரை (உயரமானியை) 1013.25 ஹெக்டோபாஸ்கலில் வைத்தால் காட்டும் உயரம். அன்றைய உள்ளூர் அழுத்தத்தில் காட்டும் உயரம் அல்ல.

சாதாரண ஈ6பியின் எல்லையும் இந்த ஜன்னலில்தான் தெரியும். வேகம் கூடினால் காற்று அமுங்கும். அந்தத் திருத்தத்தை எளிய ஈ6பி கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே ஜெட் வேகங்களில் கூடுதலாகக் காட்டும். சிஆர்பி-5 என்ற மாதிரியில் (நழுவும் அட்டை கொண்டது, கீழே வரும் சிஆர் வட்டு வேறு) இதற்கென்றே ஒரு திருத்த ஜன்னல் இருக்கிறது. ட்ரூ ஏர்ஸ்பீடு 300 நாட்டைத் தாண்டினால், அதை 100-ஆல் வகுத்து 3-ஐக் கழித்து வரும் எண்ணிக்கையில் கோடுகளை நகர்த்த வேண்டும். 450 நாட் என்றால் ஒன்றரைக் கோடு. சூத்திரமும் கருவியிலேயே அச்சாகியிருக்கும். ஆரம்பப் பயிற்சி விமானத்துக்கு இது தேவையில்லை. ஜெட் பயிற்சி வரை ஒரே கருவி போதும் என்று நினைப்பவர் இதைக் கணக்கில் வைக்கலாம்.

காற்றுப் பக்கம்

கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். சுழலும் கண்ணாடி போன்ற வட்டு, அதன் நடுவில் ஒரு சின்னத் துளை, சுற்றிலும் 360 டிகிரி. அடியில் நழுவும் அட்டையில் வேக வளைவுகளும் விசிறி போல விரியும் டிரிஃப்ட் கோடுகளும். டிரிஃப்ட் என்பது காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் கோணம்.

போக வேண்டிய பாதை 090 டிகிரி, ட்ரூ ஏர்ஸ்பீடு 110 நாட், காற்று 130 டிகிரித் திசையிலிருந்து 25 நாட் என்று வைத்துக்கொள்வோம். ஈ6பி முறை: உச்சியில் உள்ள குறிக்கு நேராக 130-ஐச் சுழற்றுங்கள். நடுத்துளையிலிருந்து மேலே 25 நாட் தள்ளிப் பென்சிலால் புள்ளி வையுங்கள். இப்போது 090-ஐ உச்சிக்குக் கொண்டு வாருங்கள். புள்ளி வலப்பக்கம் போயிருக்கும். அட்டையை நகர்த்தி அந்தப் புள்ளியை 110 வளைவின் மேல் உட்கார வையுங்கள். நடுத்துளைக்கு அடியில் தரைவேகம் 90. புள்ளி நிற்கும் டிரிஃப்ட் கோடு 8 டிகிரியைச் சற்றுத் தாண்டியிருக்கும். புள்ளி வலப்பக்கம் என்பதால் கூட்ட வேண்டும், ஹெடிங் (மூக்கு காட்டும் திசை) 098. காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது, மூக்கு வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. மூக்கு எப்போதும் காற்றை நோக்கித்தான் திரும்ப வேண்டும். கூட்டலா கழித்தலா என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்த ஒரு வரி போதும்.

இப்போது சிக்கல். சிஆர்பி குடும்பத்தோடு வரும் கையேடுகளில் முறையே வேறு. அங்கே புள்ளியை நடுத்துளைக்குக் கீழே வைப்பார்கள், உச்சியில் பாதையை அல்ல ஹெடிங்கை வைப்பார்கள், நடுத்துளைக்கு அடியில் ட்ரூ ஏர்ஸ்பீடு, புள்ளியில் தரைவேகம். ஹெடிங்தான் நமக்குத் தெரியாதே? அதனால் முதலில் பாதையான 090-ஐயே வைத்துப் பார்ப்பார்கள். நமது உதாரணத்தில் டிரிஃப்ட் 10 டிகிரி இடம் என்று காட்டும். உடனே ஹெடிங் 100 என்று எழுதிவிட்டால் தவறு. வட்டை 100-க்குத் திருப்பியதும் டிரிஃப்ட் 8 ஆகக் குறையும். 098-க்குத் திரும்பினால் எட்டரை. திருப்பிய அளவும் டிரிஃப்டும் ஒத்துப்போகிற 098-ல் நிறுத்த வேண்டும். இப்படி முன்னும் பின்னும் ஆட்டிச் சரிசெய்வதைச் சொல்லித்தராத காணொளிகள் நிறைய. முதல் 10 டிகிரியிலேயே நின்றுவிட்டு, கருவியில் கோளாறு என்று புகார் சொல்பவர்களும் நிறைய.

இரண்டு முறையும் சரி, இரண்டையும் கலப்பதுதான் தவறு. புள்ளியை மேலே வைத்துவிட்டு, விடையைக் கீழ்ப்புள்ளி முறையில் வாசித்தால் எதிர்க்காற்று பின்காற்றாக மாறிவிடும். ஆகவே வாங்குவதற்கு முன்பே, நீங்கள் போகும் பயிற்சிப் பள்ளி எந்த முறையைக் கற்றுத் தருகிறது என்று கேட்டுவிடுங்கள். தெரியவில்லை என்றால் மலிவான ஒன்றை வாங்கி மேல்புள்ளி முறையில் பழகுங்கள். பள்ளி தன் கருவியையே கொடுத்துத் தன் முறையையே சொல்லித்தரும்போது, காற்று முக்கோணம் மனதில் ஏற்கனவே இருப்பதால் மாறுவது கடினமாக இருக்காது.

அட்டையின் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்காது என்பதையும் கவனியுங்கள். ஒரு பக்கம் மெதுவான விமானத்துக்கு, மறுபக்கம் வேகமானதற்கு. வேகப் பக்கத்தில் வளைவுகள் நெருக்கமாக இருக்கும். மெதுப் பக்கத்தில் 25 நாட் புள்ளி வைத்துவிட்டு, அட்டையைத் திருப்பிப் போட்டு வேகப் பக்கத்தில் வாசித்தால் அதே புள்ளி 25 நாட் அல்ல. எந்தப் பக்கத்தில் வாசிக்கப் போகிறோமோ அந்தப் பக்கத்திலேயே காற்றைக் குறிக்க வேண்டும்.

காற்றின் திசை விஷயம் கருவியைச் சேர்ந்தது அல்ல என்றாலும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. மேல்காற்று முன்னறிவிப்பு உண்மை வடக்கை வைத்து, வரைபடத்தில் அளக்கும் பாதையும் அப்படியே. டவர் சொல்லும் ஓடுதளக் காற்று காந்த வடக்கை வைத்து. முதல் இரண்டையும் வட்டில் போட்டு விடை வந்த பிறகுதான் காந்தத் திருத்தம். முன்பே ஒன்றுக்கு மட்டும் திருத்தம் போட்டால் கோணமே மாறிவிடும்.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை

முதலில் 10-ஐ 10-க்கு நேராக வையுங்கள். சுற்றிலும் ஒவ்வோர் எண்ணும் தன் ஜோடிக்கு நேராக நிற்க வேண்டும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். மோசமான கருவிகளும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 10-ஐ 20-க்கு நேராக வைத்து, 30-க்கு 60, 35-க்கு 70, 45-க்கு 90 என்று சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் சரியாகவும் எதிர்ப்பக்கம் அரைக்கோடு தள்ளியும் இருந்தால், நடு ரிவெட் அச்சின் மையத்தில் இல்லை என்று பொருள். இதைச் சரிசெய்ய வழியில்லை, அப்படியே திருப்பிக் கொடுங்கள். இணையத்தில் வாங்கினால் உறை பிரித்த அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

காற்றுப் பக்கத்தில் அட்டையை மேலிருந்து கீழ்வரை முழுதாக நகர்த்துங்கள். அட்டையின் நடுக்கோடு எல்லா இடத்திலும் நடுத்துளைக்கு அடியிலேயே ஓட வேண்டும். பிறகு அட்டையைப் பக்கவாட்டில் விரலால் தள்ளிப் பாருங்கள். 100 நாட் வளைவில் ஒரு டிகிரி என்பது 1.7 நாட் அகலம்தான். கண்ணுக்குத் தெரியும்படி அட்டை ஆடினாலே ஒரு டிகிரி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வட்டு ஒரு கட்டைவிரலால் சுழல வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் 60 முக்கோணத்தை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது இழுபடும். தளர்ந்திருந்தால் தொடையில் வைத்த கருவி அதிர்விலேயே நகரும். புதிதில் இறுக்கமாக இருப்பது பழகப்பழகச் சரியாகும். புதிதிலேயே தளர்ந்தது தேறாது.

கண்ணாடி வட்டு பளபளப்பாக இருக்கக் கூடாது. சொரசொரப்பான மேல்தளத்தில்தான் பென்சில் பிடிக்கும், ரப்பரால் அழியும். பளபளப்பான வட்டில் மார்க்கர் பேனாவால் எழுதத் தோன்றும், நான்கு நாளில் பழைய புள்ளிகளும் புதிய புள்ளிகளும் கலந்து எது இன்றைய காற்று என்றே தெரியாது. மென்மையான 2பி பென்சில் போதும். ஊசி போன்ற மெக்கானிக்கல் பென்சில் மேல்தளத்தைக் கீறிவிடும்.

வட்டு தடிமனாக இருந்தால் பார்க்கும் கோணத்துக்கு ஏற்பப் புள்ளி நகர்ந்தது போலத் தெரியும். நேர் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் வாசிக்கப் பழகுங்கள்.

பொருள் விஷயத்தில் எங்கள் விருப்பம் அலுமினியம். காகித அட்டை வகை கற்றுக்கொள்ளப் போதும், ஆனால் கை வியர்வையில் ஊறி ஓரம் உப்பும், பிறகு வட்டு சுழலாது. பிளாஸ்டிக் இலகுவானது, நன்றாகவே வேலை செய்யும். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மதியம் விட்டால் நெளிந்துவிடும், நெளிந்த அட்டை வழியில் சிக்கும். அலுமினியம் நெளியாது. அதன் குறை எடையும், விளிம்புகளில் தேயும் அச்சும். நிறத்தையும் பாருங்கள். இரவில் காக்பிட்டில் சிவப்பு விளக்குப் போட்டால் சிவப்பு மை வெள்ளைப் பின்னணியில் மறைந்துபோகும். முக்கியமான குறிகளைச் சிவப்பில் மட்டும் அச்சிட்ட கருவி பகலுக்குத்தான் உதவும்.

அலகுக் குறிகளைக் கடைசியாகச் சொன்னாலும் கவனம் இதில் அதிகம் வேண்டும். நாட்டிகல் மைல், சாதாரண மைல், கிலோமீட்டர், அமெரிக்க கேலன், இம்பீரியல் கேலன், லிட்டர், பவுண்டு, கிலோ எல்லாவற்றுக்கும் வெளிவட்டில் சின்ன அம்புகள் இருக்கும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். எந்த கேலன் என்று எழுதாமல் வெறும் ‘கேலன்’ என்று போட்ட கருவியை வாங்காதீர்கள். எரிபொருளின் எடை கணக்கிட ஒப்படர்த்தி அளவுகோல் இருந்தால் இன்னும் நல்லது. பிஸ்டன் எஞ்சினுக்கான ஆவ்கேஸ் சுமார் 0.72, ஜெட் எரிபொருளான ஜெட் ஏ-1 சுமார் 0.80.

அலகுப் பிசகு என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலை 23-ல் கனடாவில் நடந்ததே போதும். போயிங் 767 ஒன்றின் தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது, பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். அதனால் 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000-க்கும் குறைவாகவே நிரப்பினார்கள். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறக்கினார்கள். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது, எண்ணின் பின்னால் இருந்த அலகைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சிஆர் வட்டு

நழுவும் அட்டையே இல்லாமல் முழுக்க வட்டமாக வருவது சிஆர் வகை. சிஆர்-3 பெரியது, சிஆர்-2 சட்டைப் பையில் அடங்கும். அமெரிக்கக் கடற்படை விமானப் பயிற்சியில் நெடுங்காலம் புழங்கியது இந்த வகைதான். அமுங்கல் திருத்தத்தோடு மாக் எண்ணும் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) ட்ரூ ஏர்ஸ்பீடும் இதில் நேராகக் கிடைக்கும் என்பதால் ஜெட்டுக்குப் பொருத்தம்.

காற்றுக் கணக்கை இது வேறு விதமாகச் செய்கிறது. காற்றைக் குறுக்காகவும் நேராகவும் இரண்டாகப் பிரித்துக் காட்டும். நமது அதே உதாரணத்தில் குறுக்கே 16 நாட், எதிரே 19 நாட். 16-ஐயும் 110-ஐயும் வைத்தால் திருத்தக் கோணம் 8 டிகிரிச் சொச்சம். 110-ல் 19 போக 91. ஈ6பி 90 என்று சொன்னதே என்றால், மூக்கைத் திருப்புவதால் முன்னோக்கிய வேகம் கொஞ்சம் குறைவதை இந்த எளிய கழித்தல் விட்டுவிடுகிறது. 10 டிகிரிக்குள் அந்த ஒரு நாட் பெரிதல்ல. 10 டிகிரியைத் தாண்டினால் ‘எஃபெக்டிவ் ட்ரூ ஏர்ஸ்பீடு’ என்ற சின்ன அளவுகோலைப் பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும். அந்த அளவுகோல் இருப்பதே தெரியாமல் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

சிறியது, உறுதியானது, ஒற்றைக் கையால் சுழற்றலாம். ஆனால் காற்று முக்கோணத்தை அது கண்ணுக்குக் காட்டாது, எண்ணைத்தான் கொடுக்கும். முதல் கருவியாக ஈ6பி, பழகியபின் சிஆர் என்ற வரிசையைத்தான் பரிந்துரைப்போம். பள்ளி சிஆர்தான் தருகிறது என்று முன்பே தெரிந்தால் நேராக அதற்கே போகலாம்.

மின்னணுக் கருவி

ஏஎஸ்ஏ நிறுவனத்தின் சிஎக்ஸ்-3 போன்ற மின்னணு ஃப்ளைட் கம்ப்யூட்டர்கள் நன்றாகவே வேலை செய்யும். வேகம், துல்லியம் இரண்டிலும் வட்டு போட்டியே போட முடியாது. அமெரிக்க சிவில் எழுத்துத் தேர்வுகளில் நினைவகம் இல்லாத அல்லது அழிக்கப்பட்ட மின்னணு ஃப்ளைட் கம்ப்யூட்டருக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய உரிமத் தேர்வுகளில் கையால் சுழற்றும் கருவிக்கே இடம். விதியைப் பார்க்காமல் மின்னணுவில் மட்டும் பழகிவிட்டுத் தேர்வறை வாசலில் நிற்பவர் நிலைமை பரிதாபம். மொபைல் ஆப் எந்தத் தேர்வறைக்குள்ளும் போகாது.

அதை விடப் பெரிய குறை, தவறான எண்ணைத் தட்டினாலும் அது தயக்கமில்லாமல் விடை தருவது. காற்று 130 என்பதற்கு 310 என்று அடித்தால் தரைவேகம் 128 என்று தசமத்தோடு காட்டும். வட்டில் அதே தவறைச் செய்தால் புள்ளி இடப்பக்கம் போய்க் கீழே இறங்கி நிற்கும், எதிர்க்காற்று நாளில் புள்ளி ஏன் கீழே என்று கண் உறுத்தும்.

காக்பிட்டில்

உள்ளே கொண்டு போவதானால் கயிற்றால் கட்டி நீபோர்டில் (தொடையில் கட்டும் எழுதுபலகை) மாட்டுங்கள், அல்லது ஜிப் வைத்த பையில் போடுங்கள். தலைகீழாகப் பறக்கும் பயிற்சியில் கையை விட்டுப் போன எதுவும் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கலாம். ராணுவத் தளங்களில் ஒரு பென்சில் காணாமல் போனாலும் அது கிடைக்கும்வரை விமானம் பறக்காது. எடுத்துப் போன பொருள்களை எண்ணித் திரும்ப எண்ணும் பழக்கமே அங்கே உண்டு. கருவியோடு பென்சிலையும் சேர்த்துக் கட்டுங்கள்.

கருவியைத் தொடையில் வைத்து ஒற்றைக் கையால் சுழற்றிப் பழகுவதை வீட்டிலேயே செய்துவிடலாம். மற்றொரு கைக்கு அங்கே விமானத்தை இயக்கும் ஸ்டிக் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையை முழங்கால் நடுவே ஒரு குச்சியில் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன 090, 110, 130, 25 கணக்கை இடக்கையால் மட்டும் போட்டுப் பாருங்கள். புள்ளி வைக்கும் இடத்தில் வட்டு நகர்ந்துவிடும். இடது கட்டைவிரலால் வட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மற்ற விரல்களில் பென்சிலைப் பிடித்துப் புள்ளி வைக்க முடிகிற நாளில் கருவி உங்களுக்குப் பழகிவிட்டது.